நாலாவது மாடியில் போனை எடுத்தது யார்?

பொய் சொல்வது என் தொழிலில் பாதி. சிகாகோவில் பத்தொன்பது வருடமாகத் தனியார் துப்பறிவாளனாகக் காலம் தள்ளுகிறேன். கேஸ் கம்பெனி ஆள் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்திருக்கிறேன். செத்துப்போன சித்தப்பா சொத்து எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லி, ஓடிப்போன புருஷன்களைப் பதுங்கிய இடத்திலிருந்து வெளியே வரவழைத்திருக்கிறேன். ஆகவே 'இந்த ஹேக்கட் கதை விடுகிறான்' என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபமே வராது. நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது நடந்தது. 1947 ஜனவரி 13, 14, 15. திங்கள், செவ்வாய், புதன். வேவு பார்க்கும்போது நிமிடம் தவறாமல் எழுதி வைப்பது என் வழக்கம். கோர்ட்டில் வக்கீல் குடைந்து குடைந்து கேட்பான் அல்லவா, அதற்காக. அந்த மூன்று நாள் பக்கங்களும் இப்போது என் முன்னால்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஓனா பர்கஸ் என் ஆபீஸுக்கு வந்தாள். லித்துவேனியாக்காரி, விதவை. இறைச்சித் தொழிற்சாலையில் தொத்திறைச்சி கட்டுகிற வேலை. உப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரல்கள் வீங்கிப் போயிருந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட பன்றிக்கறியும் மடித்த ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க, மிஸ்டர் ஹேக்கட். வெறும் வயித்துக்காரன் காதுல எதுவும் ஏறாது."

அவளுக்கு ஒரே மகள். ரூட்டா. வயது இருபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன் க்ளைட் வென்னர் என்பவனோடு வடக்குப் பக்கம் குடிபோய்விட்டாள். அவன் பழைய பட்டாளத்தான். இடது கால் குட்டை, கனத்த அடி வைத்த பூட்ஸ் போட்டு இழுத்து இழுத்து நடப்பான். கையில் எப்போதும் துப்பாக்கி. எது எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பகல் பன்னிரண்டுக்கு ரூட்டா அம்மாவுக்குப் போன் செய்துவிடுவாள். ஓனாவிடம் போன் கிடையாது. வீட்டுக்குக் கீழே இருக்கும் மதுக்கடைக்குத்தான் வரும்.

"நேத்து வரல," என்றாள் ஓனா.

"ஒரு ஞாயிறுதானேம்மா? சினிமாவுக்குப் போயிருப்பா."

"ரெண்டு வருஷத்துல ஒரு ஞாயிறு தவறினதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட பண்ணினா." ஒரு கடிதத்தை நீட்டினாள். கடைசி இரண்டு வரியை அவளே படித்துக் காட்டினாள். *நான் வீட்டுக்கே வந்துடறேன் அம்மா. வெள்ளிக்கிழமை அவன்கிட்ட சொல்லிடுவேன்.*

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்திருந்த வென்னரின் போட்டோவை வாங்கிக்கொண்டேன்.

கிளார்க் தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு மத்தியானம் வரை ஆனது. நாலாவது மாடி, முன்பக்கம். போன் நம்பரும் கிடைத்தது. எதிர் வரிசையில் ஒரு மருந்துக்கடை. உள்ளே சோடா கவுண்டர், மூலையில் ஒரு போன் பூத். என் தொழிலுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது.

என்னுடைய ஒரு பழைய வித்தையைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது. ஒரு வீட்டில் ஆள் இருக்கிறானா என்று தெரிய வேண்டும். பக்கத்து பூத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போன் போடுவேன். ரிசீவரைத் திரும்ப வைக்காமல் அப்படியே தொங்கவிடுவேன். 'பழுது' என்று எழுதிய அட்டையை பூத் கதவில் மாட்டுவேன். பிறகு பொடிநடையாக அந்த வீட்டு வாசலுக்குப் போவேன். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தால் வீடு காலி. பூட்டைத் திறந்து உள்ளே போகலாம். மணி நின்றுவிட்டால் ஆள் இருக்கிறான். சத்தம் காட்டாமல் திரும்பிவிட வேண்டும். அவன் வெளியே போகும் வரை காத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் இந்த வித்தை என்னை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

கவுண்டரில் வெர்னா என்று ஒரு பெண். அட்டையை மாட்டும்போது பார்த்துவிட்டாள்.

"ஏன் சார், என் பூத்துக்கு ஒண்ணும் ஆகலையே? நல்லாத்தானே இருக்கு?"

"கொஞ்ச நேரத்துக்குத்தான்."

"கொஞ்ச நேரமா? அதுக்குள்ள எத்தனை பேர் காதலிய கூப்பிட வருவாங்க தெரியுமா? பாவம் அவங்க." சொல்லிக்கொண்டே காபியை ஊற்றினாள்.

மாலை 4.52. எண்ணைச் சுழற்றினேன். மணி அடிக்க ஆரம்பித்தது.

4.57. நாலாவது மாடி. வராந்தாவில் சூடேற்றும் நீராவிக் குழாய் எதுவும் இல்லை. வாய் ஆவி வெள்ளையாக வந்தது. கதவுக்கு வெளியே இரண்டு பால் பாட்டில்கள். பால் உறைந்து, ஆடை மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு விரல் உயரம் வெளியே நின்றது. ஒன்று சனிக்கிழமை போட்ட பால், மற்றது இன்றைக்குக் காலையில் போட்டது. எடுக்கவில்லை. ஆக, வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்தேன். உள்ளே மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தேன். பூட்டுத் துவாரத்தில் வைத்தேன்.

மணி பாதியில் நின்றது.

பிறகு நடக்கிற சத்தம். டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

கால் குட்டையானவன். இழுத்து நடக்கிறான். ஓனா சொன்ன ஆள்தான். கம்பியை மெல்ல உருவிக்கொண்டு, பூனை மாதிரிக் கீழே இறங்கினேன். பாலைப் பற்றி அப்புறம் யோசித்தேன். குடிகாரனுக்குப் பால் எதற்கு என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். பூத்துக்குத் திரும்பியபோது வெர்னா ரிசீவரை எடுத்து ஒழுங்காக மாட்டி வைத்திருந்தாள். அவளைத் திட்டினேன். அவள் இன்னொரு கோப்பை காபி வைத்தாள்.

ராத்திரி வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெளியே வரவில்லை. நாலாவது மாடி ஜன்னலில் விளக்கும் எரியவில்லை. பின்பக்கம் மரப் படிக்கட்டு இருக்கிறது, அதிலும் போய்ப் பார்த்தேன். படிகளில் முழங்கால் அளவு பனி. ஒரு காலடிகூட இல்லை.

இருட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பகுதி போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த சார்ஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு எத்தனை வயசு?"

"இருபத்திரண்டு."

"ஆளும் உள்ளே இருக்கான்னு சொல்றே. பொண்ணும் உள்ளே இருக்குன்னு சொல்றே. அப்புறம் என்னய்யா காணாமப் போச்சு? ரெண்டு பேருக்கு நடுவுல நீ எதுக்கு மூக்கை நுழைக்கிறே?"

மாலை 4.50. மறுபடியும் போன். இந்த முறை வெர்னாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 4.55, வாசலில். கம்பியை எடுக்கவில்லை. காதை மட்டும் கதவில் வைத்தேன்.

மணி... மணி... மணி...

நின்றது.

டக்... சர்ர்ர்... டக்...

இன்றைக்கு அந்தச் சத்தம் கதவை நோக்கி வந்தது. வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பலகைதான். மூச்சை அடக்கிக்கொண்டேன். துப்பாக்கியில் கை வைத்தபடி கீழே பார்த்தேன்.

கதவுக்கடியில் இடைவெளி இருந்தது. தெரு விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து, அந்த இடைவெளியில் ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்தது. கதவருகே ஒருவன் நின்றால் அவன் கால் அந்தக் கோட்டை மறைக்க வேண்டும்.

கோடு முழுசாக இருந்தது.

ஒதுங்கி நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கும். பூத்துக்குத் திரும்பி ரிசீவரைக் காதில் வைத்தேன். லைன் திறந்தே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பெரிய அறையின் வெறுமை மட்டும் கேட்டது. பிறகு 'க்ளிக்' என்று வைத்துவிட்டான்.

ஓனா வேலை முடிந்து நேராக மருந்துக்கடைக்கு வந்திருந்தாள். தலையில் கட்டிய துணியில் பனி. அவிழ்க்கக்கூட இல்லை.

"உள்ளே இருக்காளா?"

"அவன் இருக்கான். அவளும் அங்கேதான் இருக்கணும்."

"கதவை உடைச்சா என்ன?"

"துப்பாக்கி வச்சிருக்கான்மா. கதவு உடையற சத்தம் கேட்டா முதல் குண்டு ரூட்டாவுக்குத்தான். சிகரெட் வாங்கவாவது ஒரு தடவை வெளியே வந்துதான் ஆகணும். வரட்டும். அந்த அஞ்சு நிமிஷம் எனக்குப் போதும்."

ரொம்ப நேரம் அந்த ஜன்னலையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தன்பாட்டுக்கு வழியவிட்டாள்.

"நீங்க தொழில் தெரிஞ்சவர். நீங்க சொன்னா சரி," என்றாள்.

புதன்கிழமை. பால் பாட்டில் மூன்றாகியிருந்ததைக் காலையிலேயே பார்த்துவிட்டு வந்தேன். பின் படிக்கட்டில் பனி இன்னும் ஏறியிருந்தது. ஐந்து நாளாக ஒரு மனிதன் ரொட்டி வாங்கவில்லை, சிகரெட் வாங்கவில்லை, விளக்குப் போடவில்லை. அன்றைக்கு மாடி ஏறவில்லை. பூத்துக்குள்ளேயே, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

4.50. மணி அடித்தது.

4.51. எடுத்தான்.

நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரிசீவரை எங்கேயோ வைத்துவிட்டு நகர்ந்தான் போல.

டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

அப்புறம்... ரொம்பத் தூரத்தில்... ஒரு பெண் குரல். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஏதோ சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"அம்மா... தண்ணி..."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. காலடி போனை நோக்கி வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

ஆனால் என் காதுக்குள்...

ஒட்டி வைத்துச் சொன்ன மாதிரி...

"ஷ்ஷ்ஷ்..."

க்ளிக்.

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். வெர்னா என்னவோ கத்தினாள். ஒரு கார் என்னை உரசிக்கொண்டு போனது. படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

4.56. தோளால் ஒரு இடி. இரண்டு. மூன்றாவதில் பூட்டும் சங்கிலியும் சேர்ந்து பிய்ந்தன.

சங்கிலி. உள்பக்கம் மாட்டியிருந்த சங்கிலி.

"வென்னர்!"

பதில் இல்லை.

விளக்கைப் போட்டேன். ஒரே அறை. ஒரு சமையல் மூலை. யாரும் இல்லை.

பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல்கள் பனி உறைந்து சட்டத்தோடு ஒட்டியிருந்தன. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒன்றுமில்லை.

மேஜைமேல் போன். ரிசீவர் ஒழுங்காக மாட்டியிருந்தது.

மூலையில் துணி வைக்கும் சின்ன அறை. அதன் கதவுப் பிடிக்கு முட்டுக்கொடுத்து ஒரு மர நாற்காலி.

அதை இழுத்துத் தள்ளினேன். திறந்தேன்.

இருந்தாள்.

சுவரோடு போகும் நீராவிக் குழாயின் மூட்டில் வாயை வைத்தபடி சுருண்டு கிடந்தாள். துருத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அங்கே கசிந்துகொண்டிருந்தது. அதை நக்கித்தான் ஐந்து நாள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். கோட்டைக் கழற்றிப் போர்த்தித் தூக்கினேன். ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஓனா ராத்திரி முழுக்கக் கட்டிலருகே மண்டியிட்டிருந்தாள். நான் வார்டு வாசலில், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். வென்னர் வருவான் என்று எனக்கு நிச்சயம். அந்த வீட்டில் நான் பார்க்காமல் விட்ட ஏதோ ஒரு பொந்து இருந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் தப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

வியாழன் காலை 9.10-க்கு ரூட்டா கண் திறந்தாள். ஓனா பாதிரியாரைக் கூட்டிவரப் போயிருந்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"போயிட்டானா?" என்றாள்.

"இங்கே யாரும் இல்லம்மா. பயப்படாதே."

"அங்கேயே இருந்தான். நாற்காலியிலேயே... வாயைத் திறந்தா சுட்டுடுவேன்னு வெள்ளிக்கிழமை சொன்னான். சொல்லிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்துல திரும்பிட்டான். அதுக்கப்புறம் பேசவே இல்ல. நடப்பான். உட்காருவான். போன் அடிச்சா எடுப்பான்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். ராத்திரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க வந்தது கேட்டுச்சு. ஷூ சத்தம். கத்தலாம்னு நினைச்சேன். அவன் எழுந்து வாசல்கிட்ட போய் நின்னான்... அதான் கையைக் கடிச்சுக்கிட்டேன். சத்தம் வரக்கூடாதுன்னு."

வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே பல் தடம் கறுத்து இறங்கியிருந்தது.

உள்ளே அவள். வெளியே நான். அவனுடைய காலடிக்குப் பயந்து இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

11.40-க்கு அவள் உயிர் போனது. ஓனா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இளம் வயது, மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன். "திங்கட்கிழமை கொண்டு வந்திருந்தீங்கன்னா பிழைச்சிருப்பா," என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு இரண்டு நாள் வென்னரைத் தேடினேன். மதுக்கடைகள், ரயில் நிலையங்கள், பட்டாளத்து நண்பர்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவனைப் பார்த்தேன் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. கிடைத்தால் போலீஸில் ஒப்படைப்பதாக எண்ணம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

18-ம் தேதி, சனிக்கிழமை, காலை 10.15. என் ஆபீஸ் போன் அடித்தது. பிணவறையில் வேலை செய்கிற குமாஸ்தா. என்னை நன்றாகத் தெரிந்தவன்.

"நீ வென்னர்னு ஒருத்தனைத் தேடறியாமே? எங்ககிட்ட இருக்கான்ப்பா."

"செத்துட்டானா? எப்படி?"

"டிராமுக்கு அடியில விழுந்துட்டான். பணப்பையை எவனோ உருவிட்டுப் போயிட்டதால பேர் தெரியாமயே கிடந்தான். பட்டாளத்துல எடுத்த கைரேகை இன்னைக்குத்தான் வந்துச்சு, பொருந்திடுச்சு."

"என்னைக்கு விழுந்தான்? புதன்கிழமை ராத்திரியா?"

"புதனா?" காகிதம் புரட்டுகிற சத்தம். "பத்தாம் தேதி. வெள்ளிக்கிழமை. சாயந்தரம் ஆறு நாற்பது. அங்கேயே உயிர் போயிருக்கு. ஏன்ப்பா?"

திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தான். மறுபடியும் படிக்கச் சொன்னேன். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

நேரில் போய்ப் பார்த்தேன். அவன்தான். ஓனா கொடுத்த போட்டோவில் இருந்த அதே முகம். கால் கட்டைவிரலில் கட்டிய சீட்டில் தேதி: ஜனவரி 10. நான் முதல் தடவை போன் போட்டபோது அவன் பிணவறையின் அந்த இழுப்பறைக்குள் மூன்று நாளாகக் கிடந்தான்.

அடக்கம் முடிந்ததும் ஓனாவின் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளிடம் மறைக்க மனசு வரவில்லை. சமையலறை மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணி நின்றது, காலடி, சங்கிலி, ரூட்டா சொன்னது, இழுப்பறை, தேதி. ஒன்று விடாமல் சொன்னேன். குறிப்பேட்டையும் திறந்து காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, திங்கட்கிழமை அந்த வீட்ல என் பொண்ணைத் தவிர யாருமே இல்ல," என்றாள்.

"நான் கேட்டேன் ஓனா. என் காதால கேட்டேன். அவளும் கேட்டா."

"அவ அஞ்சு நாள் இருட்டுல பட்டினி கிடந்தவ. அவளுக்கு என்ன வேணா கேட்கும். உனக்கு என்ன?"

குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"பயந்துட்டேன்னு சொல்லு," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "கதவை உடைக்கப் பயமா இருந்துச்சுன்னு சொல்லு. நான் ஒத்துக்கறேன். மனுஷன்னா பயப்படுவான். ஆனா செத்தவன் வந்து தடுத்தான்னு என் வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுச் சொல்லாதே."

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.